வட்டியைக் குறைத்தால் வீடு கிடைத்துவிடுமா?

வளரும் நாடுகளில் வீட்டுவசதி பற்றி வரும் அரசு அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இத்தனை லட்சம் வீடுகள், இத்தனை சதவீத வட்டி மானியம், இந்த ஆண்டுக்குள் அனைவருக்கும் வீடு. அறிவிப்புகள் தொடர்ந்து வருகின்றன, குடிசைப் பகுதிகளும் தொடர்ந்து பெருகுகின்றன. ஐ.நா. வாழ்விட அமைப்பின் கணக்குப்படி உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் குடிசைப் பகுதிகளிலோ முறைப்படுத்தப்படாத குடியிருப்புகளிலோ வாழ்கிறார்கள். வட்டி குறைந்தும், மானியம் இருந்தும், கடன் தரத் தயார் என்று வங்கிகள் விளம்பரம் செய்தும், குறைந்த வருமானக் குடும்பங்கள் ஏன் வரிசைக்கு வெளியிலேயே நிற்கின்றன?

வீட்டுக்கடன் எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

அடமானக் கடன் நடக்க என்னவெல்லாம் வேண்டும்

வாங்கும் வீட்டையே ஈடாக வைத்து, 15 முதல் 30 ஆண்டுகளில் மாதத் தவணையாகத் திருப்பிக் கட்டும் கடன்தான் அடமானக் கடன். ஈடாகக் காட்ட வேறு சொத்து இல்லாதவருக்கும் பெரிய தொகையைக் கொடுக்க வங்கி துணிவது, வீடு ஈடாக இருப்பதால்தான். ஆனால் அந்தத் துணிவு வர ஐந்து விஷயங்கள் ஒருசேர அமைய வேண்டும்.

1. நிலத்தின் உரிமை பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வில்லங்கம் இருக்கக் கூடாது.
2. கடன் வாங்குபவரின் வருமானத்துக்குச் சான்று வேண்டும்.
3. வீட்டு விலையில் ஒரு பங்கை, பல இடங்களில் 10 முதல் 20 சதவீதத்தை, முன்பணமாக அவர் கையில் வைத்திருக்க வேண்டும்.
4. தவணை நின்றுபோனால் வீட்டை எடுத்து விற்கச் சட்டம் இடம் தர வேண்டும். அதற்காகப் பத்தாண்டு நீதிமன்றத்தில் அலையும் நிலை இருக்கக் கூடாது.
5. நீண்ட காலத்துக்குக் கடன் தரும் அளவுக்கு வங்கியிடமும் நீண்ட காலப் பணம் இருக்க வேண்டும்.

இதில் ஒன்று குறைந்தாலும் கதவு அடைபடும். ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே குறைகின்றன. வட்டி விகிதம் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்தும் அமைந்த பிறகுதான் வட்டியைப் பற்றிய பேச்சே வருகிறது. உள்ளே வந்துவிட்டவருக்கு அந்தப் பேச்சு மிக முக்கியம் என்பதால், முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

தவணைக் கணக்கு

ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். அதில் 30-ஐத் தவணையாகக் கட்ட முடியும் என்றும், கடன் காலம் 20 ஆண்டு என்றும் கொள்வோம். அந்த 30-க்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?

- வட்டி 6 சதவீதமானால் சுமார் 4,190. ஏறக்குறைய 42 மாத வருமானம்.
- 12 சதவீதமானால் சுமார் 2,725. அதாவது 27 மாத வருமானம்.
- 18 சதவீதமானால் சுமார் 1,945. பத்தொன்பதரை மாத வருமானம்.

ஒரே குடும்பம், ஒரே தவணை. வட்டி மூன்று மடங்கானதும் கிடைக்கும் கடன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. வளரும் நாடுகள் பலவற்றில் 12, 18 என்பவை அன்றாடம் காணும் வட்டி விகிதங்கள்தாம்.

கடன் காலத்தை நீட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 6 சதவீத வட்டியில் அது உண்மை: 20 ஆண்டை 30 ஆண்டாக்கினால் 4,190 என்பது 5,000 ஆகிறது. 18 சதவீத வட்டியில் அதே பத்து ஆண்டைக் கூட்டினால் 1,945 என்பது 1,990 ஆகிறது, அவ்வளவுதான். பத்து ஆண்டு கூடுதலாக உழைத்துக் கட்டியும் அரை மாத வருமானத்துக்கும் குறைவான தொகைதான் கூடுதலாகக் கிடைக்கிறது. முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். 20 ஆண்டுக் கடனில் 18 சதவீத வட்டிக்குக் கட்டும் 30-ல் 29-க்கு மேல் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 1 கூட இல்லை. "தவணைக் காலத்தை நீட்டித்து ஏழைகளுக்குக் கடன்" என்ற செய்தி வந்தால், வட்டி எவ்வளவு என்று பார்க்காமல் அதற்கு மதிப்புப் போட முடியாது.

பணவீக்கம் செய்யும் வேலை

வட்டி ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது? பெரும் பங்கு பணவீக்கத்தால். விலைவாசி ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறும் நாட்டில் 7 சதவீதத்துக்குக் கடன் கொடுத்தால் கொடுத்தவருக்கு நஷ்டம். ஆகவே பணவீக்கத்தை வட்டியில் சேர்த்து முன்கூட்டியே வசூலிக்கிறார்கள். இதனால் தவணையின் உண்மையான பாரம் முதல் சில ஆண்டுகளில் மிகக் கடுமையாகவும், பின்னாளில் சம்பளம் ஏற ஏற லேசாகவும் ஆகிறது. ஆனால் குடும்பம் தடுமாறுவது முதல் சில ஆண்டுகளில்தான்.

சில லத்தீன் அமெரிக்க நாடுகள் இதற்கு ஒரு மாற்று கண்டன: கடன் நிலுவையையே விலைவாசியோடு சேர்த்து நகரவிடுவது. சிலி 1967 முதல் இப்படி, விலைவாசியோடு மதிப்பு மாறும் ஒரு கணக்கு அலகை வைத்திருக்கிறது. தொடக்கத் தவணை குறைவு. விலைவாசி ஏறும்போது தவணையும் நிலுவையும் ஏறும். சம்பளமும் கூடவே ஏறும்வரை இது நன்றாக ஓடும்.

ஓடாதபோது என்ன ஆகும் என்பதைக் கொலம்பியாவில் பார்க்கலாம். அங்கே 1972-ல் கொண்டுவந்த அலகு முதலில் விலைவாசியைத் தொடர்ந்தது. 1990-களில் அதைச் சந்தை வட்டியோடு கட்டிவிட்டார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில் வட்டி எகிறியது, வேலைகள் போயின, வீட்டு விலை சரிந்தது. வருடக்கணக்கில் தவறாமல் கட்டி வந்தவர்களின் நிலுவை வீட்டின் விலையையே தாண்டியது. வீட்டை வங்கியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். 1999-ல் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த முறையைச் செல்லாது என்றது. விலைவாசியை மட்டும் தொடரும் புதிய அலகு அதே ஆண்டில் சட்டமானது. ஏழைக்கு ஏற்ற கடன் என்று எதைச் சொன்னாலும், வட்டியும் விலைவாசியும் மாறும்போது அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியை விடக் கூடாது.

சம்பளச் சீட்டு இல்லாத குடும்பங்கள்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில் உலகத்தில் வேலை செய்வோரில் 10-ல் 6 பேர், சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். தெருவோர வியாபாரி, கட்டடத் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர், வண்டி ஓட்டுபவர். இவர்களுக்கு வருமானம் உண்டு, ஆனால் அதைக் காட்டக் காகிதம் கிடையாது. மாதா மாதம் ஒரே அளவு என்பதும் கிடையாது.

கென்யாவில் 2023 முடிவில் நாடு முழுவதும் நிலுவையில் இருந்த வீட்டுக்கடன்கள் சுமார் 30,000. மக்கள்தொகையோ 5 கோடிக்கு மேல். அங்கே வீட்டுக்கடன் என்பது நல்ல சம்பளக்காரர்களின் சிறு வட்டத்துக்குள் முடிந்துவிடுகிற சங்கதி.

வங்கி தயங்குவதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பத்திரத்தைச் சரிபார்க்க, சொத்தை மதிப்பிட, பதிவு செய்ய ஆகும் செலவு கடன் தொகை சிறிதானாலும் பெரிதானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிறு கடனில் கிடைக்கும் வட்டி அந்தச் செலவுக்கே சரியாகப் போகும். வருமானத்தை நேரில் போய்க் கணிக்க வேண்டுமானால் செலவு இன்னும் கூடும். அப்படிக் கணிக்கவே முடியாது என்பது மட்டும் உண்மையில்லை. இந்தியாவில் இந்தப் பிரிவினருக்கென்றே நடக்கும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களின் களப்பணியாளர்கள் கடன் கேட்பவரின் கடைக்கே போகிறார்கள். சரக்கு வாங்கிய சீட்டுகளைப் புரட்டுகிறார்கள், கல்லாவில் ஒரு நாளில் சேரும் தொகையைப் பார்க்கிறார்கள், மொத்த வியாபாரியிடம் நிலுவை ஒழுங்காக வருகிறதா என்று விசாரிக்கிறார்கள், வாடகையும் பள்ளிக் கட்டணமும் தவறாமல் கட்டப்படுகின்றனவா என்று கேட்கிறார்கள். இதிலிருந்து ஒரு மாத வருமானத்தைக் கட்டி எழுப்புகிறார்கள். கடன் கிடைக்கிறது, ஆனால் இந்த உழைப்பின் செலவும் அபாயத்தின் விலையும் வட்டியில் ஏறி, பெரிய வங்கியின் வட்டியைவிடச் சில சதவீதப் புள்ளிகள் கூடுதலாகிவிடுகின்றன. குறைவாகச் சம்பாதிப்பவர் கூடுதல் வட்டி கட்டும் கொடுமை இப்படித்தான் உண்டாகிறது.

மொராக்கோ வேறு வழியில் போனது. ஒழுங்கான வருமானம் இல்லாதவர்களின் வீட்டுக்கடனுக்கு 2000-களின் தொடக்கத்தில் அரசு ஒரு உத்தரவாத நிதியை ஏற்படுத்தியது. கடன் வாராமல் போனால் இழப்பின் பெரும் பகுதியை அந்த நிதி ஏற்கும். பணத்தை மானியமாக வாரி இறைப்பதைவிட, அபாயத்தில் பங்கெடுப்பதற்குச் செலவிடுவது நியாயம் என்றே நினைக்கிறேன். இழப்பு முழுவதையும் அரசே ஏற்றுக்கொண்டால் வங்கி ஆளைப் பார்க்காமல் கடன் கொடுக்கும். ஆகவே ஒரு பங்கு இழப்பு வங்கியிடமும் இருந்தாக வேண்டும்.

பத்திரம் கொடுத்தால் போதுமா

பெரு நாட்டுப் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோ முன்வைத்த வாதம் உலகம் முழுக்கப் பரவியது: ஏழைகளிடம் சொத்து இருக்கிறது, பத்திரம் இல்லாததால் அது முடங்கிக் கிடக்கிறது, பத்திரம் கொடுத்தால் கடன் தானாக வரும். பெருவில் 1996-ல் இதற்கெனத் தனி அமைப்பு உருவாகி, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நகர்ப்புறக் குடும்பங்களுக்கு நில உரிமை வழங்கப்பட்டது.

விளைவை ஆராய்ந்த எரிக்கா ஃபீல்டு, மாக்சிமோ டொரேரோ ஆகியோர் கண்டது: கட்டுமானப் பொருள்களுக்குக் கடன் தரும் அரசு வங்கி மட்டும் பத்திரம் உள்ளவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தது, தனியார் வங்கிகளின் கதவு முன்புபோலவே இருந்தது.

அர்ஜென்டினாவில் இதைவிடத் தெளிவாகப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. பியூனஸ் அயர்ஸ் புறநகரில் 1981-ல் ஏழைக் குடும்பங்கள் ஒரு பெரிய நிலப்பரப்பில் குடியேறின. அது பல உரிமையாளர்களுடைய நிலம் என்பது பிறகுதான் தெரிந்தது. 1984-ல் அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுக்க முயன்றது. சில உரிமையாளர்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் வழக்குப் போட்டார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களில் ஒன்றுக்குப் பத்திரம் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. பொருளியலாளர்கள் செபாஸ்டியன் காலியானியும் எர்னஸ்டோ ஷார்க்ரோட்ஸ்கியும் இருதரப்பையும் ஒப்பிட்டார்கள். பத்திரம் பெற்ற குடும்பங்கள் சுவரையும் கூரையையும் மேம்படுத்தியிருந்தன, பிள்ளைகளைக் கூடுதல் ஆண்டுகள் படிக்க வைத்திருந்தன. கடன் வசதியில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை.

நாளைக்கு யாரும் வந்து இடிக்க மாட்டார்கள் என்ற நிம்மதிக்காகவே பத்திரம் கொடுத்தாக வேண்டும். அது கடனைக் கூட்டி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தால் ஏமாற்றம்தான். கடனைத் தீர்மானிப்பது வருமானம். இன்னொன்று, ஒரே சொத்தான கூரையை அடகு வைக்கப் பல குடும்பங்கள் தாமாகவே விரும்புவதில்லை. அது அறியாமை இல்லை. வேலை எப்போது போகும் என்று தெரியாதவர்களின் சரியான கணக்கு அது.

வங்கிக்குள் இருக்கும் சிக்கல்

வங்கியில் மக்கள் போடும் பணம் சில மாதங்களுக்கோ ஓரிரு ஆண்டுகளுக்கோ போடப்படுவது. அதை 20 ஆண்டுக் கடனாகக் கொடுத்தால் நடுவில் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது வங்கி திண்டாடும். இதற்காகவே மறுநிதி நிறுவனங்கள் உள்ளன. இவை கடன் பத்திரச் சந்தையில் நீண்ட காலத்துக்குப் பணம் திரட்டி வங்கிகளுக்குத் தருகின்றன. மலேசியாவின் காகமாஸ் 1986 முதல் இதைச் செய்கிறது. இந்தியாவில் தேசிய வீட்டுவசதி வங்கி 1988-ல் வந்தது. கென்யா 2018-ல் இதேபோல் ஒன்றைத் தொடங்கியது. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் இது மேற்சொன்ன ஐந்தில் ஐந்தாவதை மட்டுமே தீர்க்கிறது.

வட்டி மானியம் யாருக்குப் போய்ச் சேர்கிறது

வட்டி மானியத்தைப் பெற முதலில் கடன் கிடைத்திருக்க வேண்டும். கடன் கிடைக்காதவருக்கு மானியமும் இல்லை. வரம்புக்குள் பெரிய கடன் வாங்குபவருக்குப் பெரிய மானியம், சிறிய கடன் வாங்குபவருக்குச் சிறிய மானியம். தேவைக்குத் தலைகீழாக ஓடும் ஏற்பாடு இது.

இந்தியாவில் 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு, கடனில் முதல் 6 லட்சம் ரூபாய்க்கு 6.5 சதவீத வட்டி மானியம் அறிவிக்கப்பட்டது. மானியம் முழுவதையும் தொடக்கத்திலேயே கணக்கிட்டு, அதிகபட்சம் சுமார் 2.67 லட்சம் ரூபாய் வரை, அசலில் கழித்தார்கள். ஆண்டுதோறும் இழுத்தடிப்பதைவிட இது நல்ல முறை. ஆனாலும் வங்கியின் படியைத் தாண்டியவருக்குத்தான் அது.

சிலி 1970-களின் இறுதியிலிருந்து பின்பற்றும் வரிசை வேறு. குடும்பம் முதலில் சிறுகச் சிறுகச் சேமிக்க வேண்டும், சேமிப்பும் வறுமையும் பார்த்து அரசு ஒரே தவணையில் நேரடி மானியம் தரும், மிச்சம் கடன். இங்கே மானியம் குடும்பத்தின் கையில், கடன் அளவோடு பிணைக்கப்படாமல் இருக்கிறது. மிக ஏழ்மையானவர்களுக்குக் கடனே இல்லாமல் சேமிப்பும் மானியமும் மட்டுமே போதும் என்ற பிரிவும் பின்னாளில் வந்தது. சிலி, பெரு, கொலம்பியா என்று இம்முறை பரவியது தற்செயல் இல்லை.

வீடு எங்கே இருக்கிறது

நான் மிக முக்கியம் என்று கருதுவது இதைத்தான்.

மெக்சிகோவில் 1972-ல் தொடங்கிய தொழிலாளர் வீட்டு நிதி அமைப்பு இன்ஃபோனாவிட். முதலாளிகள் சம்பளத்தில் 5 சதவீதத்துக்கு நிகரான தொகையை அதற்குக் கட்டுகிறார்கள். கடன் தவணை சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. 2000-களில் இந்த அமைப்பு லட்சக்கணக்கில் கடன் கொடுத்தது. முறைசார் வேலையில் இருந்த குறைந்த வருமானக்காரர்களுக்கு அடமானக் கடன் கிடைத்தேவிட்டது. அளவில் பார்த்தால் பெரிய வெற்றி.

கடன் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது என்றதும் கட்டுமான நிறுவனங்கள் நிலம் மலிவாகக் கிடைத்த இடத்தில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகளைக் கட்டித் தள்ளின. நகரத்திலிருந்து வெகு தொலைவில். வேலைக்குப் போய்வர மணிக்கணக்கில் பயணம், பேருந்துக் கட்டணத்திலேயே சம்பளத்தின் பெரும் பங்கு. தண்ணீர் முறையாக வராத இடங்கள், பள்ளி இல்லாத இடங்கள் பல. குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்துக்கே திரும்பின. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 50 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. எல்லாமே இந்த வகை வீடுகள் இல்லை. ஆனால் இவை அதில் கணிசம். கட்டுமான நிறுவனங்களில் பெரியவை 2013-14 வாக்கில் கடனில் சரிந்தன.

பிரேசிலின் 2009 வீட்டுத் திட்டத்திலும், தென்னாப்பிரிக்காவில் 1994-க்குப் பிறகு கட்டிக் கொடுத்த லட்சக்கணக்கான இலவச வீடுகளிலும் இதே தொலைவுப் பிரச்சினை எழுந்தது. இலவசமாகக் கொடுத்தாலும், கடனில் கொடுத்தாலும், வேலை இருக்கும் இடத்துக்கு எட்டாத வீடு குடும்பச் செலவைக் கூட்டுகிறது.

சிலியின் இக்கிகே நகரில் 2004-ல் முடிந்த கின்டா மொன்ராய் குடியிருப்பு இதற்கு நேர்மாறாக யோசித்தது. நகரின் நடுவில் முப்பது ஆண்டுகளாக அனுமதியின்றி வாழ்ந்த சுமார் 100 குடும்பங்கள். ஏழைகள் குடியிருப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் விலையைவிட அந்த நிலம் மூன்று மடங்கு. கட்டடக் கலைஞர் அலெஹாண்ட்ரோ அரவேனாவின் குழு அந்த நிலத்தையே வாங்க வைத்தது. மிச்சப் பணத்தில் முழு வீடு கட்ட முடியாததால் பாதி வீடு கட்டியது. சமையலறை, குளியலறை, மாடிப்படி, பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர் என்று தனியாள் கட்டக் கஷ்டமான பாகங்கள் மட்டும். பக்கத்திலேயே காலி இடம். குடும்பங்கள் பணம் வர வர அதைத் தாமே நிரப்பிக்கொண்டன. வேலை, பள்ளி, உறவு எதையும் விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.

சுவர் சுவராகக் கட்டுபவர்களுக்கான கடன்

உலகில் ஏழைகள் பெரும்பாலும் இப்படித்தான் வீடு கட்டுகிறார்கள்: இந்த ஆண்டு ஒரு அறை, அடுத்த ஆண்டு கூரை, பிறகு கழிவறை. அவர்களுக்குத் தேவை 20 ஆண்டுக்குப் பெரிய கடன் இல்லை. ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் முடியும் சிறு கடன், முடிந்ததும் அடுத்தது.

வங்கதேசத்தில் கிராமீன் வங்கி 1984-ல் தொடங்கிய வீட்டுக் கடன் இந்த வகைக்கு நல்ல சான்று. வெள்ளம் வந்தாலும் நிற்கும் நான்கு கான்கிரீட் தூண்கள், கழிவறைக்கு ஒரு தளம், கூரைக்குத் தகரம். மற்றதைக் குடும்பம் தன் வசதிப்படி முடித்துக்கொள்ளும். வீட்டு நிலம் கடன் வாங்கும் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கணவர் பெயரில் இருந்தால் மாற்றி எழுத வேண்டும். ஒரு கடன் நிபந்தனை பெண்ணுக்குச் சொத்தைச் சேர்த்தது. இத்திட்டத்துக்கு 1989-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

தாய்லாந்தில் 2003-ல் தொடங்கிய பான் மங்கோங் திட்டத்தில் கடன் தனி ஆளுக்குப் போவதில்லை. குடியிருப்பு மக்கள் சேமிப்புக் குழுவாகச் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைக்கிறார்கள். சங்கம் கடன் வாங்கி நிலத்தை வாங்குகிறது அல்லது நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கிறது. ஒருவருக்கு ஒரு மாதம் தவணை கட்ட முடியாமல் போனால் சங்கம் தாங்கிக்கொள்ளும். நிலம் கூட்டாக இருப்பதால் ஆசை காட்டி ஒவ்வொருவராக வாங்கிக் காலி செய்வதும் கடினம்.

சிறு கடனின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஈடு இல்லாத இக்கடன்களின் வட்டி பெரும்பாலும் அடமானக் கடனைவிட அதிகம்; சேர்ந்தாற்போல் மூன்று நான்கு இடங்களில் வாங்கிவிட்டால் குடும்பம் மூழ்கிவிடும். நிலத்தை வாங்கும் அளவுக்குத் தொகையும் போதாது. ஆகவே நிலத்துக்கு அரசு வழி செய்யாமல், கட்டுவதற்கு மட்டும் கடன் கொடுத்தால் அது பாதி வேலைதான்.

வாடகை வீடுகள்

வீட்டுக்கொள்கை பற்றிய பேச்சில் அநேகமாக இடமே இல்லாதவர்கள் வாடகைக் குடும்பங்கள். கென்யாவின் தலைநகர் நைரோபியில் 10 குடும்பங்களில் சுமார் 9 வாடகையில் இருக்கின்றன. வேலை தேடி நகரத்துக்கு வந்து ஓராண்டு ஆனவருக்கும், நாளைக்கு வேறு ஊர் போக வேண்டியிருப்பவருக்கும் 20 ஆண்டுக் கடன் ஒரு கால்விலங்கு.

இவர்களுக்கு வீடு தருவது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் இன்னொரு ஏழை அல்லது நடுத்தரக் குடும்பம்தான். தென்னாப்பிரிக்காவில் அரசு கொடுத்த வீட்டின் பின்புறம் ஒரு அறை எழுப்பி வாடகைக்கு விடுவது பரவலான வழக்கம். அந்த அறையைப் பெரும்பாலும் சேமிப்பில் கட்டுகிறார்கள்; வரைபட ஒப்புதல் இல்லை, தனிக் கழிவறை இல்லை, மின்சாரம் முன்வீட்டிலிருந்து இழுத்த கம்பியில். வாடகை வருமானத்தைக் கணக்கில் எடுத்து அந்த ஒரு அறைக்கு முறையான சிறு கடனும் எளிய ஒப்புதலும் கொடுத்தால், வீட்டுக்காரருக்கு மாத வருமானம் கிடைக்கிறது, வாடகைக்கு வருபவருக்கு வேலைக்குப் பக்கத்தில் கழிவறையோடு ஒரு அறை கிடைக்கிறது. புதிய நிலம் தேவையில்லை, புதிய சாலை தேவையில்லை. வீட்டு எண்ணிக்கை இலக்குகளில் இந்த அறைகள் இன்னும் கணக்கில் வருவதில்லை. அதனால் இதற்கென நிதி ஒதுக்கும் அரசுகளும் மிகச் சிலவே.